தொடாத வைத்தியம்

எங்கள் தெருவுக்குப் போன மாதம், டாக்டர் வந்து வைத்தியம் சொல்கிற பெரிய திரை வந்தது. முன்பு இருந்தது மேசை மேல் சின்னதாக உட்கார்ந்திருக்கும். இது சுவரையே அடைத்துக்கொண்டு நிற்கிறது. டாக்டரின் மூக்கோரத்து மச்சம்கூடத் தெரிகிறது. திறந்து வைக்க வந்த அதிகாரி, இனி உங்கள் தெருவுக்கு ஒரு குறையும் கிடையாது என்று பேசினார். எல்லோரும் கைதட்டினார்கள். நான் தட்டவில்லை. எங்கள் அண்ணி அந்தப் பக்கம் தலையே காட்டவில்லை. எங்கள் வீட்டில் நடந்ததற்குப் பரிகாரமாக வந்த திரை அது. டாக்டரைப் பெரிதாகக் காட்டினால் எங்கள் வயிற்றெரிச்சல் அடங்கிவிடும் என்று அவர்களுக்கு யார் சொன்னார்களோ தெரியவில்லை.

எங்கள் தெரு ஊரின் கடைசியில், தோல் தொழிற்சாலைக்குப் பின்னால் இருக்கிறது. ஊர்க்காரர்களுக்கு அது பின்தெரு. அதற்கு வேறு பெயர் உண்டு, ஆனால் தபால்காரர்கூட அதைச் சொல்ல மாட்டார். மாட்டிலிருந்து உரித்த தோல் தொழிற்சாலைத் தொட்டிக்குள் போகிற வரைக்குமான வேலை முழுவதும் எங்கள் ஆட்களுடையது. சுமப்பது, உப்புப் போடுவது, அடுக்குவது, கழிவுநீர்க் கால்வாயில் இறங்கி அடைப்பு எடுப்பது. அதே தோல் பையாகவும் செருப்பாகவும் கடைக்கு வந்துவிட்டால் ஊரே மோந்து பார்த்து, அசல் தோல் என்று மெச்சும். அதற்கு முந்தைய நாற்றம் மட்டும் எங்கள் தலையில். நாங்கள் இந்த ஊரில் ஒரு கைப்பிடிதான். ஓட்டுக் கேட்டு வருகிறவர்கள்கூட எங்கள் தெருவில் வண்டியை விட்டு இறங்குவதில்லை. உள்ளே இருந்தபடியே கும்பிட்டுவிட்டுக் கண்ணாடியை ஏற்றிக்கொள்வார்கள்.

அண்ணிக்கு உப்புக் கிடங்கில் வேலை. ஈரத் தோல் வண்டியில் வந்து இறங்கும். அந்த வண்டியை ஓட்டுகிறவன் நான். தோலைத் தரையில் விரித்து, கல் உப்பைக் கூடையில் அள்ளிப் போட்டு, மூலை முடுக்கு விடாமல் தேய்க்க வேண்டும். மடிப்பு ஒன்றில் உப்பு படாமல் போனாலும் அந்த இடம் அழுகிவிடும், மேஸ்திரி ஏழு ஊருக்குக் கேட்கும்படி வைவார். கையில் கீறல் இருந்தால் உப்பு அதைத் தேடிப்போய் உட்கார்ந்துகொள்ளும். ஒரு தடவை ரப்பர் கையுறை கொடுத்தார்கள். கிழிந்தது. மறுபடி கேட்டதற்கு, தோலுக்குத் தோல்தான் சரி என்று மேஸ்திரி நகைச்சுவை பண்ணினார். அந்த ஆளை அன்றைக்கே உப்பில் புரட்டியிருக்க வேண்டும்.

வேலை முடிந்தால் மற்றவர்கள் கையைக் காலைக் கழுவிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். அண்ணி அப்படிக் கிளம்ப மாட்டார். கிடங்குக்குப் பின்னால் இருக்கும் குழாயடியில் தகரத் தட்டியைச் சாத்திக்கொண்டு குளிப்பார். நகக்கண், காது மடல், முழங்கை மடிப்பு என்று ஒன்றையும் விட மாட்டார். பிறகு பையிலிருந்து வெளுத்த உடுப்பை எடுத்து மாற்றிக்கொண்டு, முகத்துக்குப் பவுடர் போட்டுக்கொண்டுதான் தெருவில் கால் வைப்பார். தெருவில் அவருக்குச் சோப்பு அக்கா என்று பெயர். "அண்ணி, உங்க சம்பளத்துல பாதி நுரையாவே போகுது" என்று நான் சீண்டுவேன். "நுரை போனாப் போகட்டும் தம்பி. யாரும் மூக்கைச் சுளிக்கக் கூடாது" என்பார்.

இது அலங்காரப் பித்து என்று நினைத்துவிட வேண்டாம். மகளைப் பெற்றெடுக்க அவர் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனபோது நடந்த கதை ஒன்று உண்டு. வலி எடுத்ததும் கிடங்கிலிருந்து அப்படியே போய்விட்டார். பிரசவ அறைக்கு வெளியே இருந்த பெண்கள் துணியால் மூக்கை மூடிக்கொண்டு தள்ளி உட்கார்ந்தார்கள். வலி தாங்காமல் இவர் கத்தியபோது, பின்தெருக் கூப்பாடு ஆரம்பிச்சிடுச்சு என்று ஆயா சொல்ல, அங்கே இருந்த நர்சுகள் சிரித்தார்கள். கத்தினால் தாழ்வாரத்தில்தான் படுக்க வேண்டும் என்று ஒருத்தி மிரட்டினாளாம். அண்ணி துணியைச் சுருட்டி வாயில் திணித்துக்கொண்டார். அப்படியே பிள்ளை பெற்றார். பிள்ளை அழுதது, தாயிடமிருந்து சத்தமே இல்லை.

அன்றிலிருந்து அண்ணிக்கு ஒரே கொள்கை. வெளியே போனால் ஒருவரிடமும் ஒரு சொல் வாங்கக் கூடாது. நாற்றமடிக்கிறது என்ற சொல்லும் கூடாது, கத்துகிறார்கள் என்ற சொல்லும் கூடாது. மகளையும் அப்படியே வளர்த்தார். அந்தப் பெண் இப்போது பள்ளிக்கூடத்தில் கடைசி வகுப்பு. வீட்டுக்குள் அவள் வாய் மூடாது. வகுப்பு டீச்சர், மேஸ்திரி, வண்டி ஓட்டும்போது கொட்டாவி விடுகிற நான் என்று எல்லோரையும் நடித்துக் காட்டி வயிறு நோகச் சிரிக்க வைப்பாள். வாசற்படி தாண்டினாளோ, ஆளே வேறு. பஸ்ஸில் காலை மிதித்தாலும் மிதித்தவரிடம் இவள் மன்னிப்புக் கேட்பாள். "ஏன்டி, வாயை வீட்லயே கழட்டி வெச்சுட்டு வந்துட்டியா?" என்று நான் கேட்டால், அம்மாவைப் பார்த்துக் கண்ணடிப்பாள். என் அண்ணன் வெளியூரில் லாரிப் பட்டறையில் வேலை பார்க்கிறார். வீட்டில் தாயும் மகளும்தான், பக்கத்துக் கதவில் நான்.

முதல் திரை வந்த கதையையும் சொல்லிவிடுகிறேன். முன்பெல்லாம் உடம்புக்கு வந்தால் நாங்களும் பெரிய ஆஸ்பத்திரிக்குத்தான் போவோம். எங்கள் வாடை தாங்க முடியவில்லை என்று ஊர்ப் பெரிய மனிதர்கள் மாறி மாறிப் புகார் கொடுத்தார்கள். அதை நேராகச் சொன்னால் அசிங்கம் அல்லவா? எனவே ஒரு நாள் எங்கள் தெருவில் தோல் எடை போடும் பழைய அறைக்கு வெள்ளையடித்தார்கள், மேசையும் திரையும் வைத்தார்கள், டாக்டர் உங்கள் வாசலுக்கே வருகிறார் என்று பலகை மாட்டினார்கள். எங்களுக்கும் தலைகால் புரியவில்லை. அலைய வேண்டாம், மூக்கைப் பொத்துகிறவர்களைப் பார்க்க வேண்டாம். திரையில் நாற்றம் போகாது என்று கிழவர் ஒருவர் சந்தோஷப்பட்டார்.

பிறகுதான் சங்கதி தெரிந்தது. பின்தெரு ஆட்கள் முதலில் திரையில் காட்ட வேண்டும், திரை டாக்டர் சீட்டு கொடுத்தால்தான் ஆஸ்பத்திரிக் கேட்டுக்குள் விடுவார்கள். விலாசத்தைக் கேட்டே திருப்பி அனுப்பினார்கள். ஊரில் வேறெந்தத் தெருவுக்கும் இந்தச் சலுகை இல்லை. எங்களுக்கு மட்டும் இத்தனை கரிசனம்.

திரை அறையில் ஓர் உதவியாளர் உண்டு. ஊருக்குள்ளிருந்து வருகிறவர். திரைக்காரர் என்று கூப்பிடுவோம். கெட்ட மனிதர் என்று சொல்ல மாட்டேன், ஒருவரையும் மரியாதை குறைவாகப் பேசியதில்லை. ஆனால் ஒருவரையும் தொட்டதில்லை. முகமூடியைப் போட்டுக்கொண்டு ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்தால் எழுந்திருக்க மாட்டார். காய்ச்சல் பார்க்கும் கருவியைத் துப்பாக்கி மாதிரி எட்ட இருந்தே நெற்றிக்கு நீட்டுவார். ரத்த அழுத்தம் பார்க்கிற பட்டையை மேசை மேல் தள்ளிவிட்டு, நீங்களே கட்டிக்குங்க என்பார். முழங்கையில் கட்டுகிறவர்களும் உண்டு, சட்டைக்கு மேல் கட்டுகிறவர்களும் உண்டு. வருகிற எண்ணை அவர் அப்படியே டாக்டருக்கு வாசிப்பார். எங்கள் தெருவின் ரத்த அழுத்தம் இத்தனை நாள் எப்படி இருந்ததென்று ஆண்டவனுக்குத்தான் தெரியும்.

மகளுக்கு வயிற்றுவலி வந்தது ஒரு பரீட்சை நாளில். பரீட்சை பயம் என்று முதலில் நானே கேலி பண்ணினேன். மறுநாள் தொப்புளைச் சுற்றி இருந்த வலி வலப்பக்கம் கீழே இறங்கியது. சாப்பிட்டதெல்லாம் வெளியே வந்தது. குனிந்தபடிதான் நடந்தாள். அண்ணி வேலைக்கு லீவு சொல்லிவிட்டு, திரைக்குப் போகலாம் என்றார்.

போகிறதற்கு முன் என்ன நடந்ததென்று சொன்னால்தான் இது விளங்கும். வேறு யாராக இருந்தாலும் வலியில் துடிக்கிற பிள்ளையை அப்படியே வாரிக்கொண்டு ஓடுவார்கள். எங்கள் தெருவில் அப்படிப் போகிற வழக்கம் இல்லை. அண்ணி மகளைக் குளிக்க வைத்தார். குளிர்ந்த தண்ணீரில் முகம் கழுவிவிட்டார். தலை பின்னி, இஸ்திரி போட்ட சட்டை மாட்டி, முகத்துக்குப் பவுடர் அடித்து, வெளுத்துக் கிடந்த உதட்டுக்குக் கொஞ்சம் சிவப்பும் தடவினார். டாக்டர் முன்னாடி முனகாதே, கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு, முகத்தைச் சிரிச்ச மாதிரி வெச்சுக்கோ என்று சொல்லிக்கொடுத்தார். பெண் பார்க்க வருகிறார்களா என்று கேட்கத் தோன்றியது எனக்கு. கேட்கவில்லை. எங்கள் தெருவில் எல்லா வீட்டிலும் இதுதான் நடக்கும். நோயாளி என்று தெரிந்தால் பரவாயில்லை, பின்தெரு என்று தெரியக் கூடாது.

நானும் கூடப் போனேன். திரைக்காரர் துப்பாக்கியை நீட்டினார். குளிர்ந்த தண்ணீரும் பவுடரும் பட்ட நெற்றியில் காய்ச்சல் எங்கே காட்டும்? நார்மல் என்று வாசித்தார். திரையில் டாக்டர் வந்தார். இளைஞர், நல்ல வெளிச்சத்தில் பளிச்சென்று இருந்தார். எங்கே வலி என்று கேட்டார், அவள் காட்டினாள். அவர் ஒன்றும் முட்டாள் இல்லை. உடனே திரைக்காரரிடம், வலது பக்கம் கீழே நல்லா அமுக்கி, கையை எடுக்கும்போது வலிக்குதான்னு பாருங்க என்றார். இந்த நோய்க்கு அதுதான் முதல் பரீட்சையாம், பிறகு தெரிந்துகொண்டோம்.

திரைக்காரர் நாற்காலியை விட்டு அசையவில்லை. குத்துக்கல்லாட்டம் உட்கார்ந்தபடியே, "நீயே அமுக்கிப் பாரும்மா" என்றார்.

அவள் அமுக்கினாள். தன் வலியை எவள் தானே ஓங்கி அமுக்குவாள்? இரண்டு விரலை வைத்து, பூனைக்குட்டியைத் தடவுகிற மாதிரி தடவினாள். அம்மா சொல்லிக்கொடுத்தபடி சிரித்த முகத்தோடு, லேசா இருக்கு சார், பரவாயில்லை என்றாள். மேசைக்கு அடியில் அவளுடைய கால் விரல்கள் செருப்பை இறுக்கிப் பிடித்திருந்ததை நான் பார்த்தேன். திரைக்கு அது தெரியாது. திரையில் இடுப்புக்கு மேலே மட்டும்தான் நாங்கள் இருக்கிறோம். வாயுக் கோளாறு, மாத்திரை எழுதித் தருகிறேன் என்றார் டாக்டர். அவர் நன்றி எதிர்பார்க்காத முகத்தோடுதான் இருந்தார், அண்ணிதான் நான்கு தடவை நன்றி சொன்னார்.

மறுநாள் காய்ச்சல் கொதித்தது. மறுபடி முகம் கழுவல், பவுடர், திரை. வரிசை நீளமாக இருந்தது, எங்கள் முறை வர உச்சி வேளை ஆகிவிட்டது. டாக்டர் களைத்துப்போயிருந்தார். மாத்திரை வேலை செய்ய ரெண்டு நாள் ஆகும் என்றார். பிறகு பொறுமையாக, சின்னப் பிள்ளைக்குச் சொல்கிற மாதிரி, "உங்க ஏரியாவுல இந்த மாதிரி நிறைய வருது. சாப்பிடறதுக்கு முன்னாடி சோப்புப் போட்டுக் கை கழுவணும். முதல்ல சுத்தத்தைக் கத்துக்குங்க" என்றார்.

யாரிடம் சொல்கிறார்? உப்பு தின்ற விரல்களை நுரையில் முக்கியே பாதி ஆயுசைக் கழித்த மனுஷியிடம். எனக்குக் காது மடல் சுட்டது. வாயைத் திறக்கப் போனேன், அண்ணி என் கையை அழுத்திப் பிடித்துக்கொண்டார். அந்த நேரத்தில் தொழிற்சாலைச் சங்கு ஊதியது. சாப்பாட்டு நேரத்துச் சங்கு, ஊரே கேட்கும். ஜன்னல் வழியாக வந்த சத்தம் ஒன்று. டாக்டருக்குப் பின்னாலிருந்து, திரைக்குள்ளிருந்து, அதே சத்தம் இன்னொன்று. டாக்டர் எரிச்சலோடு எழுந்துபோய் அவர் பக்கத்து ஜன்னலைச் சாத்திவிட்டு வந்தார்.

வெளியே வந்ததும் அண்ணி நின்றார். "தம்பி, இந்த டாக்டர் எந்த ஊர்ல இருக்கார்?" என்று கேட்டார்.

"தலைநகர்லன்னுதான் சொன்னாங்க."

"தலைநகர்லயும் நம்ம சங்கு கேக்குமா?"

நாங்கள் எல்லோரும் அந்த மனிதர் எங்கோ மலை தாண்டி, கடல் தாண்டி இருக்கிறார் என்று நினைத்திருந்தோம். பாவம், அத்தனை தூரத்திலிருந்து நமக்காக என்று இரக்கப்பட்டவர்களும் உண்டு. அவர் இருந்தது பெரிய ஆஸ்பத்திரி மாடியில். எங்கள் தெரு முனையில் நின்று பார்த்தால் அந்தக் கட்டடத்தின் தண்ணீர்த் தொட்டி தெரியும். காற்று எதிர்த்திசையில் அடித்தால் அங்கே மணி அடிப்பதுகூட இங்கே கேட்கும். அந்தத் தூரத்தை நடக்க முடியாதவருக்குத்தான் இத்தனை கம்பியும் கருவியும் பலகையும். எனக்கு அங்கேயே ரத்தம் தலைக்கேறியது. இப்பவே போகலாம், அந்த ஆளை இழுத்துவந்து அமுக்கிப் பார்க்கச் சொல்கிறேன் என்று குதித்தேன். அண்ணி ஒப்பவில்லை. சத்தம் போட்டால் இன்னும் கெட்ட பெயர்தான் வரும், நாளைக்குத் திரை டாக்டரிடமே பதமாகக் கேட்டுச் சீட்டு வாங்கிக்கொண்டு மரியாதையாகப் போவோம் என்றார்.

அன்று சாயங்காலம் வலி சட்டென்று குறைந்தது. மகள் எழுந்து உட்கார்ந்தாள். "அம்மா, சுத்தத்தைக் கத்துக்குங்க" என்று டாக்டரின் குரலிலேயே சொல்லிக் காட்டினாள். எங்களுக்குச் சிரிப்பு வந்தது. மாத்திரை கேட்டுவிட்டது, அநியாயமாக டாக்டரைத் திட்டினோமே என்றுகூட அண்ணி சொன்னார். உள்ளே குடல்வால் வெடித்தால் கொஞ்ச நேரம் வலி விட்டுப்போகுமாம். அது எங்களுக்கு எப்படித் தெரியும்?

மறுநாள் அண்ணி வேலைக்குப் போனார். நான் தோல் ஏற்றிக்கொண்டு கிடங்குக்கு வந்து இறக்கிக்கொண்டிருந்தபோது பக்கத்து வீட்டுப் பெண் தலைதெறிக்க ஓடிவந்தாள். பிள்ளை கிடக்கிற கிடை சரியில்லை என்றாள். அண்ணி கையிலிருந்த உப்புக் கூடையை அப்படியே போட்டுவிட்டு என் வண்டியில் ஏறினார். குழாயடிப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நான் அறிந்து அவர் உப்பும் சகதியுமாகத் தெருவில் வந்தது அன்றைக்குத்தான்.

மகள் சுருண்டு கிடந்தாள். உடம்பு நெருப்பு. வயிறு பலகை மாதிரி விறைத்திருந்தது. வேறு வண்டி தேட நேரமில்லை. தோல் வண்டியில் சாக்கை விரித்துப் படுக்க வைத்தோம். அண்ணி அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டார். நான் நேராகப் பெரிய ஆஸ்பத்திரி முகப்பு வாசலில் கொண்டுபோய் நிறுத்தினேன். ஈ மொய்க்கிற வண்டி, கார்கள் நிற்கிற இடத்தில்.

காவலாளி மூக்கைப் பிடித்துக்கொண்டு வந்தார். எந்தத் தெரு என்று கேட்டார். பிறகு, சீட்டு எங்கே, திரையில் காட்டிட்டு வாங்க, வண்டியை எடு என்றார். நான் ஏதோ கத்தினேன். அண்ணி மட்டும் அப்போதும் பழக்கத்தை விடவில்லை. குரலை இறக்கி, ஐயா, கொஞ்சம் மனசு வைங்க என்று கெஞ்சினார்.

அப்போதுதான் அது நடந்தது. சாக்கில் கிடந்த பெண், கேட்டில் யாரோ பெரிய மனிதர் நிற்கிறார் என்று தெரிந்ததும், முழங்கையை ஊன்றி எழுந்தாள். நெற்றியில் ஒட்டியிருந்த முடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கிவிட்டாள். காவலாளியைப் பார்த்துச் சிரித்தாள். "வணக்கம் சார்" என்றாள். சொல்லிவிட்டு அப்படியே சரிந்துவிட்டாள்.

அண்ணி அந்தச் சிரிப்பைப் பார்த்தார். அவர் முகம் மாறியதை நான் பார்த்தேன். வண்டியிலிருந்து குதித்தார். அந்த முகப்பு மண்டபத்துக்குள், பளிங்குத் தரையில் உப்புக் கால் தடம் பதியப் பதிய நடந்து, நட்டநடுவில் போய் நின்று கத்தினார். எத்தனையோ வருஷமாக அடக்கிவைத்த தொண்டை. மாடியில் இருந்தவர்கள்கூடக் கைப்பிடிச் சுவரருகே வந்து எட்டிப் பார்த்தார்கள்.

"என் பொண்ணு வாசல்ல செத்துக்கிட்டு இருக்கா. டிவிக்குள்ள உக்காந்திருக்கற டாக்டர் இந்தக் கட்டடத்துலதான் இருக்கார். அவரை இறங்கி வரச் சொல்லுங்க. வந்து என் பொண்ணு வயித்துல கை வைக்கச் சொல்லுங்க. அது வரைக்கும் நான் வாயை மூட மாட்டேன்."

வாடை, போலீஸ் என்றெல்லாம் குரல்கள் எழுந்தன. அண்ணி ஒன்றையும் காதில் வாங்கவில்லை, சொன்னதையே திரும்பத் திரும்பக் கத்தினார். அறுவை சிகிச்சைப் பிரிவிலிருந்து நரைத்த தலையோடு ஒரு டாக்டரம்மா வெளியே வந்தார். ஒரு கேள்வியும் கேட்கவில்லை. நேராக வாசலுக்கு வந்து, தோல் வண்டியில் ஏறி, சாக்கின் மேல் மண்டி போட்டு, வெறும் கையை வயிற்றில் வைத்தார். வைத்த கையை எடுப்பதற்குள் அவர் முகம் இருண்டுவிட்டது. ஸ்ட்ரெச்சர் என்று அவர் போட்ட அதட்டலில் காவலாளியே ஓடினார்.

அத்தனை நேரம், அத்தனை வருஷம், அத்தனை கருவிகள். கடைசியில் தேவைப்பட்டது ஒரு கை, மூச்சு விடுகிற நேரத்துக்கு. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு இன்றும் பல் நறநறக்கிறது.

ஆபரேஷன் முடிந்து டாக்டரம்மா வெளியே வந்தபோது கோபமாக இருந்தார். கோபம் எங்கள் மேல். குடல்வால் வெடித்து வயிறு முழுக்கச் சீழ் பரவியிருக்கிறது, பிழைப்பாளா என்று இப்போது சொல்ல முடியாது என்றார். இத்தனை நாள் வீட்டிலேயே வைத்துக்கொண்டு என்ன செய்தீர்கள் என்று அண்ணியைக் கேட்டார். வீட்டில் வைத்திருக்கவில்லை, இதே ஆஸ்பத்திரி டாக்டரிடம் இரண்டு முறை காட்டினோம் என்று நான் சொன்னேன். அவர் நம்பவில்லை. மாடியிலிருந்து திரை டாக்டரைக் கூப்பிட்டனுப்பினார்.

அவர் இறங்கி வந்தார். திரையில் பார்த்ததைவிடக் குள்ளம். கையில் பாதி குடித்த டீக் கோப்பை. அண்ணியை அவருக்கு அடையாளமே தெரியவில்லை. தெரிந்த பிறகு முகம் வெளிறியது.

"நல்லா சிரிச்சுக்கிட்டு உக்காந்திருந்தா மேடம். டெம்பரேச்சர் நார்மல்னாங்க. அமுக்கிப் பாக்கச் சொன்னேன், பெருசா வலி இல்லைன்னாங்க" என்றார்.

"யாரு அமுக்கினாங்க?" என்று டாக்டரம்மா கேட்டார்.

நான் சொன்னேன், அந்தப் பெண்ணேதான் அமுக்கினாள் என்று. டாக்டரம்மா கண்ணை மூடிக்கொண்டார். பிறகு அண்ணியிடம் திரும்பி, குரலைத் தணித்து, அவ்வளவு வலியோடு எப்படிம்மா அந்தப் பிள்ளை சிரித்தாள், நீங்களாவது அழ வேண்டாமா என்றார்.

அண்ணி அவரைப் பார்க்கவில்லை. அந்த இளைஞரைப் பார்த்துத்தான் சொன்னார். "கத்தினா, பின்தெருக் கூட்டம் கத்துதுன்னு வெளிய தள்றீங்க. கத்தாம வந்தா, நோயே இல்லைன்னு அனுப்புறீங்க. எப்படி வந்தா எங்களைத் தொடுவீங்கன்னு சொல்லிடுங்க சார். அப்படி வர்றோம்."

அவர் டீக் கோப்பையை எங்கே வைப்பதென்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார். அவர் மேல் எனக்கு இரக்கம் வர வேண்டுமாம், மாடியில் உட்கார வைத்தது மேலே இருப்பவர்கள், அவர் என்ன செய்வார் என்று பிறகு சிலர் நியாயம் பேசினார்கள். அந்தச் சப்பைக்கட்டெல்லாம் என்னிடம் எடுபடாது. ஜன்னலைச் சாத்த எழுந்தவருக்கு மாடிப்படி இறங்கக் கால் இல்லையா?

அண்ணி வீட்டுக்குப் போகவில்லை. குளித்துவிட்டாவது வாருங்கள் என்று நானே சொன்னேன். மாட்டேன் என்றார். தோல் வாடையோடு, உடுப்பில் உப்புக் காய்ந்து வெள்ளை வெள்ளையாகத் திட்டுப் பிடித்திருக்க, வார்டு வாசலில் உட்கார்ந்திருந்தார். போகிற வருகிறவர்கள் முகம் சுளித்தார்கள். சுளித்தவர்களை அவர் நிமிர்ந்து பார்த்தார். பார்வை பட்டதும் அவர்களே முகத்தைச் சரிசெய்துகொண்டு போனார்கள். அண்ணன் ஊரிலிருந்து வந்து சேர்ந்து, பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.

மகள் கண் திறந்த நாளில், எங்களை வார்டுக்குள் விட்டார்கள். கோடியில், கழிப்பறைக் கதவை ஒட்டின கட்டில். சின்னத் துளையில் முடிந்திருக்க வேண்டிய ஆபரேஷன், நடு வயிற்றில் மேலிருந்து கீழ் வரைக்கும் தையலாகப் போயிருந்தது. பிழைத்துவிட்டாள் என்று டாக்டரம்மா சொன்னார், ஆனால் தையல் உள்ளவரை வலி கடுமையாக இருக்கும் என்றார்.

மயக்க மருந்தின் வேகம் குறையக் குறைய அவளுக்கு வலி ஏறியது. நெற்றியில் வியர்வை துளிர்த்தது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவள் போர்வை நுனியை மெல்ல இழுத்து, சுருட்டி, வாய்க்குள் திணித்துக்கொண்டாள். யாரும் அவளுக்கு அதைக் கற்றுக்கொடுத்ததில்லை.

அண்ணி அவள் வாயிலிருந்து துணியைப் பிடுங்கி எறிந்தார்.

"கத்துடி" என்றார்.

அவள் மற்றக் கட்டில்களைப் பார்த்தாள். "எல்லாரும் இருக்காங்கம்மா" என்று முணுமுணுத்தாள்.

"இருக்கட்டும். உனக்கு வலிக்குதுல்ல? கத்து. யாரு என்ன சொல்றாங்கன்னு நான் பாக்கறேன்."

அவள் அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கத்தினாள். முதலில் கீச்சென்று வந்த குரல் பிறகு அடிவயிற்றிலிருந்து வந்தது. வார்டில் படுத்திருந்தவர்கள் எழுந்து உட்கார்ந்தார்கள். அண்ணன் முகத்தைப் பொத்திக்கொண்டார்.

வார்டின் மறு கோடியில் மேசையருகே இருந்த நர்ஸ் எழுந்து, அங்கிருந்தபடியே எங்கள் பக்கம் பார்த்து, யாரு அங்க சத்தம் போடறது, பின்தெருவா என்று கேட்டாள்.

அண்ணி மகளின் கையை விடாமலே எழுந்து நின்றார்.

"ஆமா. என் பொண்ணுதான்" என்றார். "கிட்ட வந்து பாருங்க."